அங்க நாட்டு ஊர்ப் பாட்டுகள்

பாரதம் பயின்றோர்க்கு அங்க நாடு புதியதன்று. துரியோதனன் கன்னனுக்கு முடிசூட்டி அளித்த நாடு அஃதேயாம். அதன் தலைநகராகிய சம்பை, கங்கைக்கரையில் இற்றை நாள் பாகல்பூரை அடுத்த சம்பாநகரில் இருந்ததென்பர். பீகார் மாநிலத்துப் பாகல்பூர், முங்கேர், பாங்கா முதலிய மாவட்டங்களிலும், ஜார்க்கண்டு மாநிலத்துக் கொட்டா, சாகிப்கஞ்சு முதலியவற்றிலும் வழங்கும் மொழி அங்கிகா எனப்படும். இந்திய மொழிகளை அளந்தறிந்த கிரியர்சன் என்னும் அறிஞர் 1903-ல் வெளிவந்த தம் நூற்பகுதியில் இதனை மைதிலியின் கிளையாக வைத்து, 'சிக்' என்னும் வினைச்சொல் அடிக்கடி ஒலித்தலான் 'சிக்காசிக்கிப் பேச்சு' என்று குறித்தனர். கன்னன் ஆண்ட நாட்டின் மொழிக்கு இப்பெயர் பொருந்துமோவென்று எவர்க்கும் ஐயம் எழும்.

இம்மொழியின் செல்வம் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. பெண்டிர் நாவில் உளது. மகவு பிறந்தவிடத்துப் பாடுவது சோகர். மணமகள் பிறந்தகம் நீங்குங்காற் பாடுவது சமதௌன். நாற்று நடுவார்க்கு ஒரு பாட்டு. பன்னிரு திங்களையும் நிரலே கூறிப் பிரிவாற்றாமை உரைப்பது பாரமாசா. இவை யாவும் வாழ்வின் ஒவ்வொரு செயலோடு பிணைந்தன. அச்செயலின்றித் தனித்து நிற்பன அல்ல.

இதற்குச் சிறந்த சான்று திரிகைப் பாட்டு. ஜாந்தா என்பது அவர்தம் திரிகை. ஜந்தசார் என்பது அதன் பாட்டு. வைகறையில் மகளிர் இருவர் எதிரெதிர் அமர்ந்து கோதுமையையும், சத்துமாவுக்குரிய வறுத்த கடலையையும் அரைப்பர். கல் சுழலும் அளவே அடியின் அளவு. இழுத்துப் பாடுமிடம் கை தளருமிடம். நம் வள்ளைப்பாட்டும் உலக்கையோடு இவ்வாறே இயைந்ததன்றோ? இப்பாட்டின் பொருளோ பெரிதும் துயரே. கணவன் பொருள் தேடிக் கிழக்கே கல்கத்தாவுக்குப் போயினான், மாமி கடிந்தாள், அழைத்துச்செல்லத் தமையன் வந்திலன். பகலில் வாய்திறத்தற்கரிய மருமகள் இவற்றையெல்லாம் கல்லின் இரைச்சலுக்கிடையே பாடிவிடுவாள். மாமியின் செவியில் பாதி விழும், பாதி விழாது. விழுந்தாலும் அது பாட்டேயன்றிக் குறைகூறல் ஆகாது! வேறெங்கும் இல்லாத உரிமை அவட்குத் திரிகையடியில் இருந்தது.

மாவரைக்கும் யந்திரங்கள் ஊர்தோறும் வந்தன. மகளிர் கைகள் ஓய்வுற்றன, அஃது இரங்கத்தக்கதன்று. ஆயின் பாட்டும் உடன் போயிற்று. சத்துமாவை இன்றும் உண்கின்றனர். ஜந்தசாரை அறிந்தார் முதியோர் சிலரே.

திரைப்படப் பாட்டே இவற்றைக் கெடுத்ததென்று கூறுவாருளர். அது முழுதும் ஏற்கத்தக்கதன்று. அவ்வூர்களிலேயே பிஹுலாவின் கதைப்பாட்டு அழியாது நிற்கின்றது. பாம்புத் தெய்வமாகிய பிஷஹரி, சாந்தோ என்னும் வணிகனிடம் பூசனை வேண்டினள். சிவனையன்றி வணங்கேன் என்று மறுத்த அவன், மைந்தர் அறுவரை இழந்தான். எஞ்சிய பாலா லக்கேந்தரைக் காக்க இரும்பு மனை சமைத்தும், மணநாளிரவில் மயிரிழைத் துளைவழிப் பாம்பு புகுந்து தீண்டிற்று. மணப்பெண் பிஹுலா அழுது ஓய்ந்திலள். கணவன் உடலோடு ஆற்றில் மிதந்து சென்று தேவர்பால் வழக்காடி உயிரை மீட்டாள். வணிகனும் இறுதியில் வணங்கினான், இடக்கையால்! வங்கத்தாரும் இக்கதையைத் தமதாகப் போற்றுவர்.

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் நடுவே, வெள்ளம் பெருகிப் பாம்புகள் மனைபுகும் காலத்தில், இவ்விழா நிகழும். நெட்டியாலும் மூங்கிலாலும் காகிதத்தாலும் கோயில்போற் செய்து, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணங்களாற் கதையைத் தீட்டிய மஞ்சூஷா என்னும் பெட்டியைப் படைப்பர். அச்சமும் விழாவும் நீங்காமையின் பாட்டும் நீங்கவில்லை.

2003-ல் மைதிலி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது, அங்கிகா பெற்றிலது. 2018-ல் ஜார்க்கண்டு அரசு அதனை இரண்டாம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. இவ்வேற்பு நற்றொடக்கமே, எனினும் ஜந்தசாரைத் தொகுக்கப் புகுவார் சொற்களை மட்டும் எழுதி மீளலாகாது. பாடும் மூதாட்டியின்முன் ஒரு திரிகையை வைத்தல் வேண்டும். கல் சுழலாதவிடத்து, எங்கு இழுத்துப் பாடுவதென்பதை அவளும் மறந்திருத்தல் கூடும்.