கருப்பு நிஜமா, கதையா?

கேள்வி: சரித்திரமும் அமானுஷ்யமும் கலந்த மர்ம நாவல்களைப் பேய், சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் ரசிக்க முடியுமா? (வாசகர் ஒருவர், ராஜபாளையம்)

பதில்: தாராளமாக.

மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரில் 'விடாது கருப்பு' ஆனது. தப்பு செய்தவனைத் தண்டிப்பது கருப்பசாமியா, மனிதக் கையா? அந்த முடிச்சைக் கடைசிவரை அவிழ்க்காமல் இழுத்துப் போனதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே பரபரப்போடு பார்த்தார்கள். அதே தொடரின் 'ரகசியம்' கதையில் நவபாஷாண லிங்கமும் சித்தர்களும் வந்தபோதும் அப்படித்தான்.

ராஜபாளையத்துக்காரருக்கு இன்னொரு வசதி உண்டு: இப்படிப்பட்ட கதைகளின் நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தர்கள் உலவுவதாக நம்பப்படும் சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியே அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட்டம் ஏறுகிறது. அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலைக் கோபுரமும் திருமலை நாயக்கர் பெயர் சொல்லும் 17-ஆம் நூற்றாண்டு அரண்மனையும் நிற்கின்றன.

முதல் வாசிப்பில் கதையின் வேகத்துக்கே விட்டுவிடுங்கள். இரண்டாவது முறை, எது கல்வெட்டுச் செய்தி, எது ஊர்வாய்க் கதை, எது எழுத்தாளர் சேர்த்தது என்று பிரித்துப் பாருங்கள். அந்தச் சுகமே தனி.