தெளிப்பான் பாட்டரியின் திறனை நீங்களே சோதிக்கலாம்

இரவு முழுவதும் சார்ஜ் செய்த பாட்டரித் தெளிப்பான், பாதி வயல் முடிவதற்குள் ஓய்ந்து விடுகிறதா? மின்சாரம் குறையும்போது அழுத்தம் குறைகிறது. மருந்து இலைகளில் சீராகப் படிவதில்லை. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருப்பதும் நல்லதல்ல. குறை பாட்டரியிலா, மோட்டாரிலா, சார்ஜரிலா என்று அறியாமல் புதுப் பாட்டரி வாங்கினால் பணம் வீணாகலாம்.

வோல்ட் மட்டும் போதாது

முழுதும் சார்ஜ் ஏறி ஓய்வில் உள்ள 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். தேய்ந்த பாட்டரியும் இதே அளவைக் காட்டக்கூடும். தூர்ந்த கிணற்றிலும் காலையில் நீர்மட்டம் உயர்ந்தே நிற்கும். இறைத்துப் பார்த்தால்தான் இருப்பு தெரியும். பாட்டரியையும் அவ்வாறே இறைத்துப் பார்க்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டருக்குரிய 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்று, அதற்கான ஹோல்டர், 2 ஆம்பியர் ஃபியூஸ், ஒயர், மல்டிமீட்டர், கடிகாரம்.

இணைக்கும் முறை

1. பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஓய்வில் வையுங்கள். தெளிப்பானிலிருந்து அதன் இணைப்பைக் கழற்றி விடுங்கள்.

2. நேர்முனையிலிருந்து ஃபியூஸ், பிறகு 10 ஆம்பியர் துளையில் ஒயர் செருகிய மல்டிமீட்டர், பிறகு பல்பு, கடைசியாக எதிர்முனை என வரிசையாக இணையுங்கள். மின்னோட்டம் சுமார் 0.8 ஆம்பியர் இருக்கும். குறித்துக் கொள்ளுங்கள்.

3. மீட்டரை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒயர்களைச் சேர்த்து, நேரத்தைக் குறியுங்கள். மீட்டரின் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிய பிறகே பாட்டரி முனைகளில் வைக்க வேண்டும். ஆம்பியர் துளையில் இருக்கும்போது வைத்தால் ஷார்ட் ஆகி, மீட்டர் பழுதாகும்.

4. பல்பு எரியும்போதே அரை மணிக்கு ஒருமுறை வோல்ட் பாருங்கள். 11.5 வோல்ட்டுக்கு வந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். 10.5 வோல்ட் ஆனவுடன் நிறுத்துங்கள்.

5. உடனே சார்ஜில் போடுங்கள். காலியாகவே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, இருக்கும் திறனும் போய்விடும்.

கணக்கு

ஆம்பியரை மணியால் பெருக்குங்கள். 0.8 ஆம்பியர் வீதம் 6 மணி நேரம் எரிந்தால் 4.8 ஆம்பியர்-மணி. பாட்டரியில் 8 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், மீதமுள்ள திறன் 60 சதம். அச்சிட்ட அளவு பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக இறைப்பதற்கு உரியது. ஆகவே புதுப் பாட்டரியும் இச்சோதனையில் சற்றுக் குறைவாகவே காட்டும். வாங்கியவுடன் ஒருமுறை சோதித்து, அந்த அளவைப் பாட்டரி மீதே எழுதி வைப்பது சிறந்தது.

முடிவு

புதிதில் காட்டிய அளவில் 80 சதத்துக்கு மேல் இருந்தால் பாட்டரி நலமே. மோட்டாரையும் வடிகட்டியையும் நாசிலையும் பாருங்கள். அதற்குக் கீழ் இறங்கினால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பாதிக்கும் கீழானால் மாற்றுவதே நலம். சார்ஜ் முடிந்து ஓய்வில் வைத்த பிறகும் 12.4 வோல்ட் எட்டவில்லையானால், முதலில் சார்ஜரைச் சோதியுங்கள்.

இந்த வோல்ட் அளவுகள் லித்தியம் பாட்டரிக்குப் பொருந்தா. ஈய-அமிலப் பாட்டரி வைத்திருப்போர், மருந்தடிப்புப் பருவம் தொடங்கும் முன் ஒரு நாளை இச்சோதனைக்கு ஒதுக்கினால் வயல் நடுவே நிற்க நேராது.