அலாய் வீல் வாங்கும் முன் எக்சலில் ஒரு கணக்கு

எக்சல் என்றாலே சம்பளப் பட்டியல் போடத்தான் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். காருக்கு வாங்கப் போகும் புதுச் சக்கரம் பொருந்துமா என்பதையும் அதில் பார்க்கலாம். பொருந்தாத சக்கரத்தில் டயர் பாடியில் உரசிக் கிழியும். டயர் மாட்டிய சக்கரத்தைக் கடைக்காரர் திரும்ப வாங்குவதும் அரிது. எனவே பணம் கொடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எக்சல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

எண்கள் சொல்வது என்ன?

என் கார் டயரில் 185/65 ஆர்15 என்று இருக்கிறது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது டயர் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

சக்கரத்தில் 15×6ஜே, ஈ.டி.45 என்று இருக்கிறது. 6 என்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில். ஈ.டி. என்பது ஆப்செட். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, போல்ட் போட்டு இறுக்கும் முகப்பு எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதை இது காட்டும். இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். கூடினால் உள்ளே போகும்.

ஒர்க்ஷீட் தயார் செய்வோம்

முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுங்கள். இரண்டாம் வரிசையில் ஏ2 முதல் ஈ2 வரை பழைய அளவுகளை வரிசையாக டைப் செய்யவும்: 185, 65, 15, 6, 45. பின் கீழ்க்காணும் பார்முலாக்களை அமைக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தர வேண்டும்.

எப்2 (டயரின் மொத்த விட்டம்): =2*ஏ2*பி2/100+சி2*25.4
ஜி2 (வெளி விளிம்பு): =டி2*25.4/2-ஈ2
எச்2 (உள் விளிம்பு): =டி2*25.4/2+ஈ2

விடைகள் 621.5, 31.2, 121.2 என மி.மீ. கணக்கில் கிடைக்கும். மூன்றாம் வரிசையில் புதிய சக்கரத்தின் அளவுகளைத் தந்து, இந்த மூன்று செல்களையும் அதற்குக் காப்பி செய்யவும். எப்4ல் =எப்3-எப்2 என அமைத்து, அதை ஜி4, எச்4க்கும் காப்பி செய்தால் வித்தியாசம் தெரியும்.

கடையில் எனக்குக் காட்டியது 16×7ஜே, ஈ.டி.40 சக்கரம், 195/55 ஆர்16 டயருடன். “உயரம் ஒன்றுதான் சார், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்” என்றார் கடைக்காரர். உயரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, வித்தியாசம் 0.6 மி.மீ.தான். ஆனால் ஜி4ல் 17.7, எச்4ல் 7.7 என்று வந்தது. சக்கரம் வெளியே 17.7 மி.மீ. நீட்டும்; உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் 7.7 மி.மீ. நெருங்கும். என் காரில் வெளிப்பக்கம் அவ்வளவு இடம் இல்லை. டி3ல் 6.5, ஈ3ல் 45 என மாற்றினேன். இரு பக்கமும் 6.35 மி.மீ.தான் கூடியது. அந்த அளவையே கேட்டு வாங்கினேன்.

உங்கள் காரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், பின் சீட்டில் ஆட்களை உட்கார வைத்தும் பார்க்கவும். மொத்த விட்டம் கூடினால் ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 185/65 ஆர்15க்குப் பதில் 195/65 ஆர்15 போட்டால், மீட்டரில் 100 காட்டும்போது கார் ஏறக்குறைய 102ல் ஓடும்.

கணக்கில் வராதவை மூன்று

1. பி.சி.டி.: 4×100 என்றால் நான்கு போல்ட், அவற்றின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. 4×108 சக்கரம் இதில் சேராது.
2. நடுத்துளை: காரின் ஹப்பை விடச் சிறிதாக இருந்தால் சக்கரம் உட்காராது. பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பச் சரியான அளவு வளையம் கேட்டு வாங்கவும்.
3. சுமைக் குறியீடு: டயர் அளவை அடுத்து வரும் எண். பழைய டயரில் உள்ளதை விடக் குறையக் கூடாது.

பைலை சேவ் செய்து, ஒரு பிரிண்ட் எடுத்துக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.