டூர் கார்டுக்கு என்ன அவசரம்?

2024 ஜனவரியில் லூக் லிட்லர் 16 வயதில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி வரை வந்தாலும் வந்தார், இங்கிலாந்தின் டார்ட்ஸ் பயிற்சி மன்றங்களில் சிறுவர் கூட்டம் அலைமோதுகிறது. அடுத்த ஆண்டே இறுதிப் போட்டியில் வான் கெர்வனை 7-3 என்று வீழ்த்திப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். பிள்ளைகள் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வை ஓரங்கட்டிவிட்டு போர்டு முன்னால் நிற்பதும், அதற்குப் பெற்றோரே பின்னால் நின்று தள்ளுவதும்தான் கவலை தருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான் இது.

டார்ட்ஸில் முன்னேற நான்கு வழிகள். முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பப் லீக், பிறகு கவுண்டி அணி. மாலையில் ஆட்டம், காலையில் வேலை. வருமானம் சொற்பம், பழக்கம் ஏராளம்.

இரண்டாவது, சிறுவர்களுக்கான ஜேடிசி போட்டிகள், அதன் பின் 16 முதல் 24 வயது வரையானவர்களுக்கான டெவலப்மென்ட் டூர். லிட்லர் வளர்ந்தது இந்தப் பாதையில்தான். படிப்போடு சேர்த்தே ஆடலாம்.

மூன்றாவது, சேலஞ்ச் டூர். கியூ ஸ்கூல் தேர்வுப் போட்டிக்குப் போய் டூர் கார்டு, அதாவது தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை, கிடைக்காதவர்கள் ஆடுவது. எலக்ட்ரீஷியனாக இருந்த ராப் கிராஸ் 2016இல் இங்குதான் பெயர் எடுத்தார். 2018 புத்தாண்டு நாளில் 16 முறை சாம்பியனான பில் டெய்லரையே வென்று உலகப் பட்டம் பெற்றார்.

நான்காவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்: படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு, நேராக டூர் கார்டைக் குறிவைப்பது. கார்டு கிடைத்தால் சம்பளம் கிடைத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். கார்டு சம்பளம் தராது, ஆட இடம்தான் தரும். கார்டு வைத்திருப்பவர்கள் 128 பேர். 2025இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டிகள் 34 நடந்தன. ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு 15,000 பவுண்டு, ஒரே ஒரு ஆட்டம் வென்று வெளியேறியவருக்கு அதில் ஒரு சிறு பகுதிதான். முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு ஒரு காசு கிடையாது. அதாவது ஒவ்வொரு போட்டியிலும் பாதிப் பேர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். பயணமும் தங்குமிடமும் கைக்காசு. கார்டின் ஆயுள் இரண்டு ஆண்டு. அது முடியும்போது பரிசுப்பணப் பட்டியலில் முதல் 64 பேருக்குள் இல்லையென்றால் மறுபடியும் கியூ ஸ்கூல் வாசல்தான்.

வாடகைக்காக எறியும்போது கை நடுங்கும். ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே விரலை விட்டு டார்ட் பிரியாத ‘டார்டைட்டிஸ்’ வந்தது. பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பத்தின் கடனையும் ஏற்றாதீர்கள்.

வேலை முடிந்து வந்து பப் லீக்கில் பல வருடம் எறிந்தவன் நான். என் சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் கேமரன் மென்சீஸைப் பாருங்கள், கார்டு கிடைத்த பிறகும் பிளம்பர் வேலையை உடனே விட்டுவிடவில்லை. வேலை கையில் இருந்தால், தோல்வி வெறும் தோல்வியோடு நிற்கும்.

இது கால்பந்து அல்ல, முப்பதில் முடிந்துபோவதற்கு. டெய்லர் கடைசி உலகப் பட்டத்தை வென்றது 52 வயதில். சிங்கப்பூரின் பால் லிம் அறுபதைத் தாண்டியும் உலகப் போட்டி மேடையில் நின்றார். அவசரப்பட இங்கே காரணமே இல்லை.

ஆட வரும் பிள்ளையே, உனக்கு இது வருமா என்று அறிய, மூன்று டார்ட்டில் எடுக்கும் உச்சமான 180களை எண்ணாதே. எதிராளிக்கு முடிக்க 40 மட்டும் மிச்சமிருக்கும்போது, ஆட்டத்தை முடிக்கும் இரட்டையை நீ அடிக்கிறாயா என்று பார். மூன்று டார்ட்டும் தவறிய பிறகு அடுத்த முறை முகம் மாறாமல் கோட்டில் நிற்க முடிகிறதா என்று பார். ஒரே எறிதலை நாள் முழுக்கச் சலிக்காமல் திரும்பச் செய்ய முடிகிறதா என்றும் பார். திறமை எந்தத் துறையிலும் மெதுவாகத்தான் பழுக்கும். அதற்குள் ஒரு தொழிலைக் கற்றுக்கொள், தேர்வை எழுதி முடி. பெற்றோரே, போர்டு வாங்கிக் கொடுங்கள், பள்ளியை மட்டும் நிறுத்தாதீர்கள்.