பாறையைத் துளைக்கும் காற்று

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் புதுமனை கட்டத் தொடங்குவோர் பலர் கொத்தனாருக்கு முன்னரே ரிக் வண்டியை வரவழைப்பர். அதன் பேரிரைச்சலுக்கு அஞ்சிச் செவி பொத்துவோர் பலர். அதன் காரணத்தை வினவுவோர் சிலர். பாறையைப் பொடிப்பது இரும்பு என்றே நாம் எண்ணுகின்றோம். ஆயின் அவ்விரும்பை இயக்குவது காற்றேயாகும். அக்காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசரை வண்டியில் அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இப்பொருள் நம் நாட்டார்க்கு அயலானதன்று. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலிற் பேர்பெற்றது. அதனை அடுத்த திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் சென்று துளையிடுகின்றன. ஐரோப்பாவிலோ, 1871-இல் திறக்கப்பெற்ற மான்ட் செனிஸ் மலைச்சுரங்கத்தைக் குடைகையில், 1861 முதற்கொண்டே காற்றினால் இயங்கும் துளைக்கருவிகள் பயன்பட்டன.

ஆழ்துளையிற் காற்றுக்கு வேலை இரண்டு. குழாயின் வழியே கீழிறங்கிச் சம்மட்டியை இயக்கிப் பாறையை உடைப்பது ஒன்று. உடைந்த பொடியைக் குழாய்க்கு வெளியேயுள்ள இடைவெளி வழியாக மேலே ஏற்றுவது மற்றொன்று. முன்னதற்கு அழுத்தமும் பின்னதற்கு அளவும் வேண்டும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். துளையின் விட்டம் 6½ அங்குலம், குழாயின் விட்டம் 4½ அங்குலம் எனக் கொள்வோம். இடைவெளி ஏறக்குறைய 0.12 சதுர அடியாகும். பொடி மேலேற நிமிஷத்திற்கு 3,000 அடி வேகம் வேண்டுமெனின், நிமிஷத்திற்கு 360 கன அடி காற்று தேவை. குழாய் 3½ அங்குலமாகக் குறையின் அத்தேவை 490 கன அடியாக உயரும். மேலும், துளையில் நிற்கும் நீர் ஒவ்வொரு 34 அடிக்கும் ஒரு வளிமண்டல அழுத்தமாகக் காற்றை எதிர்க்கும். 340 அடி நீரைத் தள்ளப் பத்து மடங்கு வேண்டுமன்றோ? ஆகவேதான் சதுர அங்குலத்திற்கு 300 ராத்தல் அழுத்தம் தரும் கம்ப்ரசர்கள் கையாளப்படுகின்றன.

இனி, கம்ப்ரசரை இயக்கும் வகை மூன்று. டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசராயின் என்ஜின் புல்லியிலிருந்து பெல்ட்டால் ஓட்டலாம். அதனினும் பெரிதாயின் கியர் பெட்டியிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கலாம். மிகப் பெரிதாயின் தனி டீசல் என்ஜினையே வண்டியில் ஏற்றுதல் வேண்டும். லாரியின் பிரேக்குக்கென அமைந்த கம்ப்ரசரைப் பிற வேலைக்குத் திருப்புதல் தகாது. அது தருவது சிறிதளவு காற்று, காப்பதோ உயிர்.

பெல்ட்டால் ஓட்டுவோர் கம்ப்ரசரை என்ஜினுடனேயே இறுகப் பிணைக்க வேண்டும். என்னை? என்ஜின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைவது. கம்ப்ரசரை வண்டிச் சட்டத்திற் பொருத்தினால் ஒவ்வோர் அசைவிலும் பெல்ட் தளர்ந்தும் இறுகியும் விரைவில் அறும். காற்று புகும் வாயிலைப் புழுதிக்கு எட்டாத உயரத்தில் வடிகட்டியுடன் வைத்தல் வேண்டும். கம்ப்ரசருக்கும் சேப்டி வால்வுக்கும் இடையே அடைப்பான் எதுவும் இருத்தலாகாது. தொட்டியில் தங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும்.

அமுக்கப்படும் காற்று சூடேறும் என்பதும் மறக்கற்பாலதன்று. 300 ராத்தல் அழுத்தத்தை இடையிற் குளிர்விக்காது ஒரே மூச்சில் உண்டாக்கின் உஷ்ணம் 400 பாகை சென்டிகிரேடையும் கடக்கும். எண்ணெய் தீப்பற்றவும் கூடும். எனவே இரு படிகளாக அமுக்கி நடுவே குளிர்விப்பர். அல்லது அமுக்கும் அறையிலேயே எண்ணெயைப் பாய்ச்சி வெப்பத்தை வாங்கிக்கொள்வர்.

நிற்க. இத்துணை வலிமை கைவந்த பின் நம் கடமை யாது? கடும்பாறை நிலத்தில் நீர் தங்குவது பாறையின் வெடிப்புகளிலும் அதன்மேற் சிதைந்த அடுக்கிலுமே. ஆழம் கூடுவதனாலேயே நீர் கூடாது. நீரற்ற துளையைத் திறந்தே விடுதல் பெருங்குற்றம். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயனற்ற துளையொன்றில் வீழ்ந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க அருகே மற்றொரு குழி தோண்டப்பட்டது. கடும்பாறை அவ்வேலையைத் தாமதித்தது. நான்காம் நாள் உயிரற்ற உடலே கிடைத்தது. பாறையைத் துளைப்பது நமக்கு எளிதாயிற்று என்று செருக்குவோர் அந்நாட்களை நினைப்பாராக.

கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம்வரை களிமண், மணல், கூழாங்கல் அல்லது துளைத்தெடுத்த பொடி கொண்டு நிரப்புக என 2010-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. காற்று மேலேற்றிய அப்பொடி துளையின் வாயருகிலேயே குவிந்து கிடக்கின்றது. அதனை மீண்டும் உள்ளே தள்ளக் கம்ப்ரசர் வேண்டுவதில்லை. ஒரு மண்வெட்டியும் பொறுப்புள்ள இரு கைகளும் போதும். யந்திரம் பயிலும் மாணவர் இப்பாடத்தையும் உடன் பயில்வாராக.