நம்ம ஊர் முருகனைப் பத்தி விக்கிப்பீடியாவில் எழுதணுமா? முதல்ல சான்றைத் தேடுங்க

 

போன கிருத்திகை அன்னைக்கு நம்ம குழுவுல ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, குன்றத்தூர் முருகன் பத்தி தமிழ் விக்கிப்பீடியாவில் நாலு வரி சேர்த்தேன், மறுநாளே எடுத்துட்டாங்க. ஏன்?" கோபம் புரியுது. எனக்கும் நடந்திருக்கு. ஒரு சின்னக் கோயிலைப் பத்தி "ஆயிரம் ஆண்டு பழமையானது"னு எழுதினேன். எங்கிருந்து எடுத்தீங்கன்னு கேட்டாங்க. வாட்ஸ்அப்ல வந்ததுன்னு சொல்ல வாய் வரல.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இதுக்கு ஒரு பேர் உண்டு: மெய்யறிதன்மை. நீங்க எழுதினது உண்மையா என்பது மட்டும் போதாது. படிக்கிறவர் அதைத் தானே போய்ச் சரிபார்க்க ஒரு வழி இருக்கணும். அவ்வளவுதான் விதி. ஆனா நடைமுறையில இதுலதான் எல்லாரும் வழுக்கி விழறோம்.

நம்ம ஐயப்பன்தாங்கலையே எடுத்துக்குங்க. "ஐயப்பன் தங்கிய இடம், அதான் இந்தப் பேர்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. கேட்க இனிமையா இருக்கு, ஆனா சான்று இல்லை. சரி, அகராதியைப் பார்ப்போம். தாங்கல் என்றால் பாசனத்துக்கான நீர்நிலைன்னு ஒரு பொருள் இருக்கு. உடனே "ஐயப்பன் பேரில் இருந்த ஏரியால இந்த ஊருக்குப் பேர் வந்தது"ன்னு எழுதி, அகராதியைச் சான்றாக் காட்டலாமா? கூடாது! அகராதி சொன்னது சொல்லின் பொருளை மட்டும். நம்ம ஊரோட அதை முடிச்சுப் போட்டது நீங்க. அதுக்குப் பேர் சொந்த ஆய்வு. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி செய்த ஒருவர் அச்சு நூலில் அப்படி எழுதியிருந்தா, அந்தப் பக்க எண்ணோட தாராளமாப் போடலாம். உங்க ஊகம் சரியாவே இருந்தாலும் அதுவரைக்கும் காத்திருக்கத்தான் வேணும். எனக்கும் இது கசக்கத்தான் செய்யுது.

இப்போ குன்றத்தூர். மலை மேல முருகன் வடக்கு நோக்கி நிற்கிறார். "தமிழ்நாட்டிலேயே வடக்கு நோக்கிய ஒரே முருகன்"னு பகிர்வுகள்ல வரும். வடக்கு நோக்கி இருக்கார் என்பதுக்கு ஒரு கோயில் நூலோ நாளிதழ்க் கட்டுரையோ போதும். "ஒரே" என்ற சொல்லுக்கு? தமிழ்நாட்டு முருகன் கோயில் எல்லாத்தையும் பார்த்துட்டு வந்த ஒருத்தர் எழுதியிருக்கணும். "ஒரே", "முதல்", "மிகப் பழமையான" இந்த மூணும் வந்தா கையை எடுத்துட்டு யோசிங்க. அந்த ஒரு சொல்லுக்காகவே முழு வரியும் போயிடும்.

அதே குன்றத்தூர்தான் சேக்கிழார் ஊர். அதை எழுத சேக்கிழார் புராணமே இருக்கு. ஆனா அது அவருக்குப் பின்னால் வந்த நூல். அதனால "சேக்கிழார் புராணம் கூறுகிறது"ன்னு எழுதுறது நேர்மை. தல புராணத்துக்கும் இதே வழிதான். புராணத்தை மறைக்க வேண்டாம், வரலாறு மாதிரி காட்டவும் வேண்டாம். யார் சொன்னதுன்னு வாக்கியத்திலேயே வைங்க. அருணகிரிநாதர் 16,000 திருப்புகழ் பாடினார் என்பது மரபு. இன்னிக்குக் கிடைப்பது சுமார் 1,300. அதுவும் வ. த. சுப்பிரமணிய பிள்ளை போன்றவர்கள் ஏடு ஏடாத் தேடி அச்சேத்தினதால. ரெண்டையும் ஒரே மூச்சில் கலந்து "16,000 பாடல்கள் உள்ளன"ன்னு எழுதினா அவங்க பட்ட பாடே மறைஞ்சு போகுது.

ஏன் இவ்வளவு கறார்? 2008-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு மாணவர் விளையாட்டா, கோட்டி என்ற விலங்குக்கு "பிரேசில் ஆர்ட்வார்க்" என்றும் பேர்னு சேர்த்தார். பத்திரிகைகள் அதைப் பார்த்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகைகளே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாப் போச்சு! நம்ம கோயிலுக்கு ஒரு தப்பான ஆண்டு இப்படி ஒட்டிக்கிச்சுன்னா, நாளைக்கு யாரால பிரிச்சு எடுக்க முடியும்?

சரி, சான்று எங்க கிடைக்கும்? கல்வெட்டுன்னா 1890-லிருந்து வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், தொல்லியல் துறை வெளியீடுகள். சுவரைப் பார்த்து நீங்களே படிச்சது செல்லாது. நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூலகம். வீட்டிலிருந்தே பார்க்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். கண்டதை அப்படியே நகலெடுக்காம உங்க நடையில எழுதுங்க. கும்பாபிஷேகப் பத்திரிகையும், ஏன், நம்ம இந்தப் பதிவும்கூட சான்று ஆகாது. வருத்தப்படாதீங்க.

தெருமுனைச் சின்னக் கோயிலுக்கு எந்த நூலும் கிடைக்கலையா? தனிக் கட்டுரை வேண்டாம். நீங்களே எடுத்த கோபுரப் படத்தைப் பொதுவகத்தில் ஏத்துங்க. அது நிலைச்சு நிக்கும்.

வர்ற சஷ்டிக்குள்ள ஆளுக்கு ஒரு வாக்கியம், ஒரு நூல் பெயர், ஒரு பக்க எண். முதல்ல மணல்தொட்டியில எழுதிட்டு குழுவுல போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.