சார்ஜர் செருகினால் இரைச்சல்

கேள்வி: என் 2012 மேக்புக் ப்ரோவை ஹெட்போன் துளை வழியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருக்கிறேன். சார்ஜர் செருகினாலே ‘ம்ம்’ என்ற இரைச்சல். என்ன செய்யலாம்?

பதில்: சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிடுகிறது என்றால், எர்த் வழியாகச் சுற்றும் மின்சாரம்தான் காரணம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ‘ஆப்டிகல்’ துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலை விட்டது. உங்கள் மாடலின் ஹெட்போன் துளைக்குள்ளேயே ஆப்டிகல் வெளியீடும் இருக்கிறது. ஒரு முனை மினி டாஸ்லிங்க், மறுமுனை சதுர டாஸ்லிங்க் உள்ள ஆப்டிகல் கேபிள் வாங்குங்கள். அதில் போவது வெறும் வெளிச்சம். மின் இணைப்பே இல்லாததால் இந்த இரைச்சலுக்கு வழியில்லை.

செருகுமுன் முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். கேபிளை மடித்து ஒடிக்காதீர்கள். ஒலி அளவை இனி ஆம்ப்ளிஃபயரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

பாட்டுக் கேட்க இது அருமையான வழி. படத்துக்கு 5.1 சரவுண்ட் ஒலி வேண்டுமானால், இந்தக் கேபிளில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் வடிவங்கள் வரைதான் போகும். டால்பி ட்ரூஎச்டி வடிவத்துக்கு எச்டிஎம்ஐ இணைப்பு தேவை.

கேபிளை உருவிய பிறகும் துளைக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்து, ஸ்பீக்கர் ஊமையானால் பயப்படாதீர்கள். உள்ளே சுவிட்ச் சிக்கியிருக்கும். சாதாரண ஹெட்போன் முனையை மெதுவாகச் சில முறை செருகி எடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.